"கூட்டவா, கழிக்கவா?": சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல் வாக்கியக் கணக்கு கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்தும் மூன்றும் எத்தனை என்று கேட்டால் நொடியில் எட்டு என்கிறாள் ஒரு சிறுமி. அதே சிறுமியிடம், "குளத்தில் 5 வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. கரையிலிருந்து இன்னும் 3 வாத்துகள் இறங்கி வந்தன. இப்போது குளத்தில் எத்தனை வாத்துகள்?" என்று படித்துக் காட்டினால், பென்சிலைப் பிடித்தபடி என் முகத்தையே பார்க்கிறாள். "டீச்சர், கூட்டவா, கழிக்கவா?" ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் கேட்டிருப்பீர்கள்.

நாமும் சட்டென்று "கூட்டு" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லோடு குழந்தை யோசிக்க வேண்டியது முழுவதையும் நாமே யோசித்து முடித்துவிடுகிறோம். ஐந்தையும் மூன்றையும் கூட்ட அவளுக்கு ஏற்கெனவே தெரியும். குளத்தில் என்ன நடந்தது என்பதை மனத்துக்குள் பார்ப்பதுதான் தெரியவில்லை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பார்வையை வளர்ப்பதைப் பற்றியது. ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்து, வகுப்பறையிலும் வீட்டிலும் செய்யக்கூடியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் இரண்டு சோதனைகள்

ஏழு புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும், "சரி, எத்தனை இருக்கிறது?" என்று கேளுங்கள். "ஏழு" என்றால் நல்லது. திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொல்லும் எண்தான் மொத்த எண்ணிக்கை என்பது அந்தக் குழந்தைக்கு இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அடுத்ததாக, ஒரு குவியலைக் காட்டி, "இதிலிருந்து ஆறு எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். ஆறில் நிறுத்தத் தெரிய வேண்டும். நிறுத்தாமல் அள்ளிக்கொண்டே போகிற பிள்ளையும் உண்டு.

இரண்டும் சரியாக வராதவரை வாக்கியக் கணக்கு வேண்டாம். படிக்கட்டு ஏறும்போதும் தட்டு வைக்கும்போதும் சேர்ந்து எண்ணுங்கள். சில வாரங்களில் வந்துவிடும்.

முதல் படி: எண்ணே இல்லாத கதை

நான் முதலில் சொல்லும் கணக்குகளில் எண்ணே இருக்காது. "ஒரு கூடையில் கொஞ்சம் மாம்பழங்கள் இருந்தன. ஊரிலிருந்து அத்தை வந்தார். பையிலிருந்து இன்னும் கொஞ்சம் மாம்பழங்களை எடுத்துக் கூடையில் போட்டார். இப்போது கூடையில் பழம் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா?" எல்லாரும் "கூடியிருக்கும்" என்று கத்துவார்கள். "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். "அத்தை போட்டாரே!" இந்த "போட்டாரே"தான் நமக்கு வேண்டும். செயல் என்ன, அதனால் கூடுமா குறையுமா என்பதைக் குழந்தை தன் வாயால் சொல்லிவிட்டது.

பிறகு கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் என்ன இருந்தது, பிறகு என்ன நடந்தது, இப்போது என்ன கேட்கிறார்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். பழம் குறையும் கதைகளையும் கலந்துவிடுங்கள்: குரங்கு வந்து எடுத்துப்போகட்டும், தம்பி தின்றுவிடட்டும். கூட்டல் பாடம் நடக்கிறது என்பதற்காக எல்லாக் கதையும் கூடும் கதையாகவே இருந்தால், கேட்காமலேயே கூட்டப் பழகிவிடுவார்கள். பாடப்புத்தகப் பயிற்சிகளில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். பக்கத்தின் தலைப்பிலேயே "கூட்டல்" என்று போட்டுவிட்டால், கீழே உள்ள ஐந்து கதைகளை எந்தக் குழந்தை படிக்கும்?

இந்தக் கதைகளை வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லுங்கள். "அவனிடம் இருந்தன" என்ற நடை ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய புதுமொழி. கதை பிடிபட்ட பிறகு, அதே கதையைப் புத்தக நடையில் படித்துக் காட்டலாம். "இப்போது சொன்னதைத்தான் புத்தகம் இப்படிச் சொல்கிறது" என்ற ஒரு வரி பல பிள்ளைகளின் பயத்தைப் போக்கியிருக்கிறது.

இரண்டாம் படி: நடித்துப் பார்ப்பது

நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டால் பஸ். ஒருவர் ஓட்டுநர், ஒருவர் நடத்துநர். இவர்களை எண்ணக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். "பஸ்ஸில் 4 பயணிகள் இருந்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் 3 பேர் ஏறினார்கள்." ஏறட்டும், உட்காரட்டும். நடத்துநர் எண்ணி டிக்கெட் கொடுக்கட்டும். வீட்டில் ஒரே குழந்தை என்றால் பொம்மைகள் ஏறும்.

அடுத்து, ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை வைப்பது. வாத்துக்குப் பதில் புளியங்கொட்டை, பயணிக்குப் பதில் பாட்டில் மூடி, மாம்பழத்துக்குப் பதில் சோழி. "இந்தக் கொட்டைதான் வாத்து" என்று ஒப்புக்கொள்வது குழந்தையின் மனத்தில் ஒரு பெரிய தாண்டல். பின்னால் 5 என்ற எழுத்தும் வாத்துகளுக்குப் பதிலாகத்தானே நிற்கப்போகிறது? அதனால் இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு வாரமானாலும் பரவாயில்லை. ஓர் எச்சரிக்கை: மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கை வீட்டில் இருந்தால், வேலை முடிந்ததும் கொட்டைகளை எண்ணி டப்பாவில் போட்டு மூடி, எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள்.

1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கார்பென்டர், எலிசபெத் ஃபெனிமா ஆகியோர் சின்னப் பிள்ளைகள் வாக்கியக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று உற்றுக் கவனித்தார்கள். கூட்டல், கழித்தல் என்ற பெயர்களையே கேள்விப்படாத பிள்ளைகள்கூட, கதையில் நடப்பதை அப்படியே பொருள்களைக் கொண்டு செய்துபார்த்து விடைக்கு வந்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. பள்ளிக்கு வரும்போதே குழந்தை இந்தத் திறமையோடு வருகிறது. +, = போன்ற குறியீட்டை முன்னால் தள்ளி அந்தத் திறமையை மறக்கடிப்பது நாம்தான்.

எண்ணும் முறை தானாக மாறும், கொஞ்சம் உதவலாம்

தொடக்கத்தில் குழந்தை ஐந்து கொட்டை எண்ணி வைக்கும், மூன்று எண்ணி வைக்கும், பிறகு எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணும். இது தவறல்ல, எல்லாரும் கடந்துவரும் கட்டம். அடுத்த கட்டம், ஐந்தை மனத்தில் வைத்துக்கொண்டு "ஆறு, ஏழு, எட்டு" என்று தொடர்ந்து எண்ணுவது. இதற்கு நான் பயன்படுத்தும் கருவி ஒரு கொட்டாங்கச்சி. ஐந்து கொட்டைகளை எண்ணிவைத்து, அதன்மேல் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துவிடுவேன். வெளியே மூன்று. உள்ளே இருப்பவை கண்ணுக்குத் தெரியாததால் தொட்டு எண்ண முடியாது. "உள்ளே எத்தனை?" "ஐந்து." கொட்டாங்கச்சியைத் தட்டி "ஐந்து" என்று சொல்லிவிட்டு, வெளியே இருப்பதைத் தொட்டு "ஆறு, ஏழு, எட்டு."

இங்கே ஒரு தவறு மிக அடிக்கடி வரும். வெளியே உள்ள முதல் கொட்டையைத் தொடும்போதே "ஐந்து" என்று தொடங்கி, "ஐந்து, ஆறு, ஏழு" என்று ஏழில் முடிப்பார்கள். விடை சரியாக ஒன்று குறைந்து வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். திட்டாமல் கொட்டாங்கச்சியைத் தூக்கிக் காட்டுங்கள்: "ஐந்தாவது கொட்டை எங்கே இருக்கிறது? உள்ளேதானே?"

விரல்விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள். விரல் குழந்தையோடு எப்போதும் இருக்கும் மணிச்சட்டம். தேவை தீர்ந்ததும் தானே விட்டுவிடும்.

பத்தைத் தாண்டும் கணக்குகளுக்குத் தமிழ் ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. பதின்மூன்று என்ற சொல்லுக்குள்ளேயே பத்தும் மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. பதினைந்து, பதினெட்டு எல்லாமே அப்படித்தான். 8 முட்டையோடு 5 முட்டை சேர்ந்தால் எட்டைப் பத்தாக்க இரண்டு கொடு, மீதி மூன்று, ஆகப் பத்தும் மூன்றும் பதின்மூன்று. கடையில் முப்பது முட்டைக்கு வரும் அட்டையில் வரிசைக்கு ஐந்து குழி இருக்கும். அதிலிருந்து இரண்டு வரிசைகளை வெட்டி எடுத்தால் பத்துக் குழிச் சட்டம் தயார். எட்டுக் குழிகளை நிரப்பினாலே, இரண்டு காலி என்று கண் சொல்லிவிடும்.

மூன்றாம் படி: படம், பிறகு குறியீடு

கணக்கை வரையச் சொன்னால் வாத்துக்கு இறகு, அலகு, கண் எல்லாம் வரைந்து, ஐந்தாவது வாத்து வருவதற்குள் மணி அடித்துவிடும். "இன்றைக்கு வாத்தெல்லாம் வட்டம்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு பக்கம் ஐந்து வட்டம், இன்னொரு பக்கம் மூன்று வட்டம், இரண்டையும் சுற்றி ஒரு பெரிய கோடு. அந்தப் பெரிய கோடுதான் குளம். கொஞ்சம் பழகியதும் வட்டங்களைப் பக்கம் பக்கமாக நீளக் கட்டங்களுக்குள் வைக்கலாம். சிங்கப்பூர்ப் பள்ளிகள் 1980களில் கொண்டுவந்த, கட்டங்களாகப் படம் வரையும் முறை இதன் வளர்ச்சிதான். பின்னாளில் பெரிய எண்கள் வரும்போது கட்டத்துக்குள் வட்டம் போடாமல் எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளலாம்.

செயல், படம், குறியீடு என்ற இந்த வரிசையை உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் தெளிவாக எழுதிவைத்தார். குறியீட்டுக்கு வரும்போது 5 + 3 = 8 என்பதை, நடந்த கதையின் சுருக்கெழுத்தாக அறிமுகப்படுத்துங்கள். ஒவ்வொரு எண்ணையும் தொட்டுக் கேளுங்கள்: "இந்த 5 யார்? இந்த 3 யார்? + என்றால் கதையில் என்ன நடந்தது?" "இறங்கி வந்தது" என்று பதில் வரும்போது, எழுத்துக்கும் குளத்துக்கும் பாலம் போட்டாகிவிட்டது.

விடையை வெறும் "8" என்று விடாதீர்கள். "குளத்தில் 8 வாத்துகள் இருக்கின்றன" என்று முழு வாக்கியமாகச் சொல்லட்டும். சில நேரம் 8 = 5 + 3 என்று மாற்றியும் எழுதிக் காட்டுங்கள். சமக்குறியை "விடையை இங்கே எழுது" என்ற கட்டளையாகவே பிள்ளைகள் படித்துப் பழகிவிடுகிறார்கள். அது மேல் வகுப்புகளில் தொல்லை கொடுக்கும்.

எந்தக் கணக்கு முதலில், எது பின்னால்

எல்லாக் கூட்டல் கதையும் ஒரே சுமை அல்ல. வந்து சேரும் கதை மிக எளிது: 5 இருந்தது, 3 வந்தது. ஏதோ நடக்கிறது, அதை நடிக்கலாம்.

அடுத்தது, எதுவும் நடக்காத கதை. "கொட்டகையில் 4 ஆடுகளும் 3 மாடுகளும் நிற்கின்றன. மொத்தம் எத்தனை கால்நடைகள்?" யாரும் வரவில்லை, போகவில்லை. மேலும் ஆட்டையும் மாட்டையும் ஒரே பெயரில் அடக்க வேண்டும். கால்நடை என்ற சொல் தெரியாத பிள்ளைக்கு இது கணக்குச் சிக்கலே அல்ல, சொற்சிக்கல். முதலில் சிவப்பு ரோஜா, மஞ்சள் ரோஜா என்று தொடங்கி, பிறகு ரோஜாவும் சாமந்தியும் சேர்ந்து பூ, அதன்பின் கால்நடை என்று ஏறுங்கள்.

மூன்றாவது வகையில் நடு எண் மறைந்திருக்கும். "என்னிடம் 5 கோலிகள் இருந்தன. பாட்டி சில கோலிகள் கொடுத்தார். இப்போது 8 இருக்கின்றன." பாட்டி கொடுத்தது எத்தனை? கொட்டாங்கச்சியை இப்போது பாட்டி கொடுத்த கோலிகளின் மேல் கவிழ்க்கலாம். அதைவிடக் கடினம், தொடக்கமே தெரியாத கதை. கையில் முதலில் எத்தனை கொட்டை வைப்பது என்றே தெரியாததால் நடிக்கத் தொடங்க முடியாது. அதை ஏழு வயதுக்குத் தள்ளிவையுங்கள்.

ஒப்பிடும் கணக்கு தனி உலகம். "ரவியிடம் 5 பென்சில்கள் இருக்கின்றன. மாலாவிடம் ரவியைவிட 2 அதிகம். மாலாவிடம் எத்தனை?" நிறையப் பிள்ளைகள் "இரண்டு" என்பார்கள். "மாலாவிடம் 2" என்றே அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. 1983இல் டாம் ஹட்சன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். பறவைகளும் அவற்றைவிடக் குறைவாகப் புழுக்களும் உள்ள படத்தைக் காட்டி, புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம் என்று கேட்டபோது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 64 விழுக்காட்டினரே சரியாகச் சொன்னார்கள். ஆளுக்கொரு புழு எடுத்தால் எத்தனை பறவைகளுக்குக் கிடைக்காது என்று கேட்டபோது எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். படமும் அதே, எண்களும் அதே. நம் ஊரில் இதற்குப் பந்தியே போதும்: 7 பேர் உட்கார்ந்துவிட்டார்கள், 5 இலைதான் போட்டிருக்கிறது. எத்தனை பேருக்கு இலை இல்லை? இதை நன்றாகச் செய்தபின், "இலையைவிட ஆள் இரண்டு அதிகம்" என்று நீங்கள் சொல்லிக் கொடுங்கள். "விட" என்ற சொல்லுக்கு அப்போதுதான் உயிர் வரும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைப்படி பிரித்துக் கற்பிக்கும் முறை இருக்கிறது. வாக்கியக் கணக்குக்கும் அதே போக்கு பொருந்தும். ஒரே பஸ் கதையை ஒரு குழுவுக்கு "எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்றும், இன்னொரு குழுவுக்கு "எத்தனை பேர் ஏறினார்கள்?" என்றும் கேட்கலாம்.

"மொத்தம் வந்தால் கூட்டு" என்று சொல்லாதீர்கள்

பல வகுப்பறைச் சுவர்களில் இந்த அட்டவணை தொங்குகிறது: மொத்தம், சேர்த்து, ஆக என்று வந்தால் கூட்டல், மீதி, கொடுத்தான் என்று வந்தால் கழித்தல். என் வகுப்பிலும் சில ஆண்டுகள் தொங்கியது. மனமார்ந்த நல்லெண்ணத்தோடு எழுதி ஒட்டினேன். ஒருநாள் இந்தக் கணக்கைக் கொடுத்தேன்: "வாணி தன் பென்சில்களில் 3ஐத் தம்பிக்குக் கொடுத்தாள். மீதி 4 பென்சில்கள் அவளிடம் இருக்கின்றன. முதலில் அவளிடம் எத்தனை இருந்தன?" கொடுத்தாள் என்றும் இருக்கிறது, மீதி என்றும் இருக்கிறது, விடையோ கூட்டினால்தான் வரும். வகுப்பில் பெரும்பாலோர் நான்கிலிருந்து மூன்றைக் கழித்து ஒன்று என்றார்கள். முதலில் ஒரே பென்சில் வைத்திருந்தவள் மூன்றை எப்படிக் கொடுத்தாள் என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியதில்லை என்று சுவரில் எழுதி வைத்திருந்தது நான். அன்று மாலையே அந்த அட்டையைக் கழற்றினேன்.

கதையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1970களின் இறுதியில் நடந்த சோதனை சான்று. "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?" என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் இரண்டு எண்களையும் வைத்து ஏதோ கணக்குப் போட்டு ஒரு வயதைச் சொன்னார்கள். இடையிடையே இதுபோன்ற விடையில்லாத கதையையும், வேண்டாத எண் கலந்த கதையையும் கொடுங்கள். "தாத்தா 6 மணிக்கு எழுந்து 3 கோழிகளுக்கும் 2 சேவல்களுக்கும் தீனி போட்டார்" என்றால், அந்த 6 எதற்கு என்று குழந்தை நம்மைக் கேட்க வேண்டும்.

தமிழ் வாக்கியத்தில் குழந்தை இடறும் இடங்கள்

"கண்ணன் மீனாவுக்கு 2 மணிகள் கொடுத்தான்." "கண்ணனுக்கு மீனா 2 மணிகள் கொடுத்தாள்." இரண்டும் கண்ணனில்தான் தொடங்குகின்றன. யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பதை அந்தச் சின்னக் "க்கு"தான் சொல்கிறது. முதலில் கேட்ட பெயர்தான் கொடுத்தவர் என்று நினைக்கும் பிள்ளைக்குக் கதையே தலைகீழாகிவிடும். இருவர் கையில் மணிகளைக் கொடுத்து எதிரெதிரே உட்காரவைத்து, "மீனாவுக்கு", "மீனாவிடமிருந்து" என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள்; சொன்னபடி மணி கைமாறட்டும். ஐந்து நிமிட விளையாட்டுதான், வேற்றுமை உருபு காதில் தங்கிவிடும்.

இன்னொன்று நீண்ட வாக்கியம். "அத்தை வாங்கி வந்த 4 கொய்யாப்பழங்களை, ஏற்கெனவே 5 பழங்கள் இருந்த கூடையில் அம்மா போட்டார்." முதலில் இருந்த 5 பின்னால் வருகிறது, பின்னால் வந்த 4 முன்னால் வருகிறது, என்ன நடந்தது என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. இப்படிப்பட்ட வாக்கியத்தை உடைத்துச் சொல்லுங்கள். கூடையில் 5 கொய்யா இருந்தன. அத்தை 4 கொய்யா வாங்கி வந்தார். அம்மா அவற்றைக் கூடையில் போட்டார். உடைத்துச் சொல்ல குழந்தையே பழகிவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

விடை தவறினால்

"தப்பு" என்று சொல்வதற்கு முன், "கதையைச் சொல்லு" என்று கேளுங்கள். கதை சரியாக வந்து விடை மட்டும் ஒன்று கூடியோ குறைந்தோ இருந்தால் எண்ணுவதில் பிழை, கொட்டாங்கச்சிக்குப் போகலாம். கதையே மாறி வந்தால் நடிப்புக்குத் திரும்ப வேண்டும். கணக்கில் உள்ள ஓர் எண்ணையே விடையாகச் சொன்னால் கேள்வி காதில் விழவில்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் மறுபடி படியுங்கள். சரியான விடைக்கும் சில நேரம் இதே கேள்வியைக் கேளுங்கள். இல்லாவிட்டால் "கதையைச் சொல்லு" என்றாலே தப்பு என்று பொருள் செய்துகொள்வார்கள்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், இரண்டு கதை. ஒரு பக்கத்தில் இருபது கணக்கு கொடுத்தால் இருபதாவதில் யாரும் கதை படிப்பதில்லை.

கடைசிப் படி: குழந்தையே கதை சொல்வது

4 + 1 = 5 என்று கரும்பலகையில் எழுதி, இதற்கு ஒரு கதை சொல் என்று கேளுங்கள். தொடக்கத்தில் எல்லாரும் மிட்டாய்க் கதையே சொல்வார்கள். மிட்டாய் கூடாது என்று விதி போடுங்கள். அப்போது அவரவர் வீடு வெளியே வரும்.

என் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "எங்கள் வீட்டில் 4 பேர் இருக்கிறோம். பொங்கலுக்கு அப்பா வருகிறார். அப்போது 5 பேர்." அவள் அப்பா வெளியூரில் கட்டட வேலையில் இருப்பவர். நான் கதையை நீட்டிப் பார்க்க நினைத்து, "அப்படியானால் சாப்பிட எத்தனை தட்டு வைக்க வேண்டும்?" என்று கேட்டேன். விரலை மடக்கி ஐந்து வரைக்கும் போனவள் நின்றாள். ஒரு விரலை மறுபடி நிமிர்த்தினாள்.

"நாலு போதும் டீச்சர். தம்பி அம்மா தட்டில்தான் சாப்பிடுவான்."